கியர்ப் பெட்டியில் பால் சுரத்தல்: ஓர் ஆய்வு

இக்கட்டுரை யாது நுதலிற்றோ எனின், பைபர் போட்டின் பின்பலகையில் தொங்கும் பழைய டூ-ஸ்ட்ரோக் அவுட்போர்டு மோட்டாரின் அடிப்பாகத்தில், ஆயில் ஊற்றிய இடத்தில் பால் சுரப்பதன் காரணமும், அதைப் போக்கும் முறையும், போக்கவிடாமல் போட்டுக்காரர் செய்யும் தடைகளும் உணர்த்துதல் நுதலிற்று. மேல்பாகமாகிய எஞ்சினைப் பற்றிக் கரையில் ஆளுக்கொரு கொள்கை உண்டு. கார்புரேட்டரையும் பிளக்கையும் பற்றிப் பேசாதார் இலர். கியர்ப் பெட்டியோ தண்ணீருக்குள்ளேயே பிழைப்பு நடத்துவதால் எவர் கண்ணிலும் படுவதில்லை. கண்ணால் காணாத பொருளைப் பற்றி நூல் செய்வது நம் ஆய்வுலகுக்குப் புதிதன்று என்பதால் துணிந்து புகுகிறோம்.

முதலில் தோற்றம். நார்வேயில் பிறந்து அமெரிக்காவின் விஸ்கான்சின் மாநிலத்தில் குடியேறிய ஓலே எவின்ரூட், ஒரு கோடை நாளில் காதலி பெஸ்ஸுக்காக ஏரியில் துடுப்பு வலித்துப் போய் ஐஸ்கிரீம் வாங்கித் திரும்புவதற்குள் அது உருகிவிட்டதாம். அந்தக் கடுப்பில் அவர் செய்ததே 1909-இல் விற்பனைக்கு வந்த ஒன்றரைக் குதிரைத்திறன் மோட்டார் என்பது செவிவழிச் செய்தி. உருகிய பாலை முன்னிட்டுப் பிறந்த எந்திரம் நூறாண்டு கடந்தும் வயிற்றில் பால் கட்டிக்கொள்வது பிறவிக்குணமே என்பது எம் துணிபு. இதற்கு இன்றுவரை மறுப்பு வரவில்லை. யாரும் படிக்கவில்லை என்பது வேறு விஷயம்.

இனி உறுப்பியல். எஞ்சினிலிருந்து நெட்டுக்குத்தாக இறங்கும் டிரைவ் ஷாஃப்டின் நுனியில் பினியன் என்னும் சிறு பல்சக்கரம். அதற்கு முன்னும் பின்னும் எதிரெதிராக இரண்டு கியர்கள். எஞ்சின் ஒரே திசையில்தான் சுற்றும். ஆனால் இந்த இரண்டும் எந்நேரமும் எதிரெதிர்த் திசையில் சுற்றிக்கொண்டிருக்கும். நடுவில் புரொப்பல்லர் ஷாஃப்டின் மேல் டாக் கிளட்ச் எனும் வளையம் முன்னும் பின்னும் நகரும். அது எந்தக் கியரோடு சேர்கிறதோ அந்தக் கியரின் ஆட்சி. இரண்டோடும் சேராதபோது நியூட்ரல். தேர்தல் காலத்துச் சிறு கட்சியை அறிந்தவருக்கு இதை மேலும் விளக்க வேண்டியதில்லை. நாள்பட்ட கிளட்சின் பல் முனை மழுங்கி, முன்னால் போகும்போது 'டக் டக்' என்று கழன்றுகொள்ளும் என்பதையும் இங்கேயே சொல்லிவிடுவோம்.

இத்தனையும் மூழ்கிக் கிடப்பது, பத்துப் பதினைந்து குதிரைத்திறன் மோட்டாரானால், ஏறக்குறையக் கால் லிட்டர் கியர் ஆயிலில். அதனுள் உப்புத்தண்ணீர் புகுந்தால் பல்சக்கரங்கள் கடைந்து வெள்ளையாக்கிவிடும். இதுவே பால் எனப்படுவது. இரவு முழுக்க மோட்டாரை நிமிர்த்தி வைத்திருந்து காலையில் அடித்திருகைத் தளர்த்தினால், கனமான தண்ணீர் முதலில் வரும். பிறகு பால் வரும். கடைசியில் போட்டுக்காரரின் முகத்தில் சோகம் வரும்.

தண்ணீர் எவ்வழிப் புகுந்தது என்பதில் கரையில் மூன்று மதங்கள் உண்டு. வாஷர்வாதிகள், ஆயில் திருகின் அடியில் இருக்கும் சின்ன வாஷரை மாற்றாமல் பழையதையே போட்டு முடுக்கியதுதான் காரணம் என்பர். இது செலவு குறைந்த மதமாதலால் போட்டுக்காரர்கள் பெரும்பாலும் இதில் சேர்ந்துவிடுவர். வெடிப்புவாதிகள், பெட்டி கடலடிப் பாரில் அடிபட்டு மயிரிழை விட்டிருக்கிறது என்பர். இவர்கள் பழைய மோட்டாரை வாங்கி விற்பவர்களாகவும் இருப்பதைக் கவனிக்க. சீல்வாதிகளே பெரும்பான்மையினர். புரொப்பல்லரைக் கழற்றிக் காட்டுவர்: அறுந்த வலையின் தங்கூசி ஷாஃப்டைச் சுற்றி, சூட்டில் உருகிக் கட்டியாகி, ஆயில் சீலின் உதட்டை அறுத்திருக்கும். பாம்பன் கரையில் யாம் கண்ட அளவில் இம்மதமே வெல்கிறது.

மறுப்பாளரும் உளர். இங்கிலாந்தில் செய்த பழைய பிரிட்டிஷ் சீகல் மோட்டார்களின் கியர்ப் பெட்டியில் ரப்பர் சீல் என்ற பேச்சே கிடையாது. கெட்டியான 140 ஆயிலை ஊற்றிவிட்டு, கொஞ்சம் தண்ணீர் கலந்தால் கலக்கட்டும் என்று விட்டுவிடுவர். பால் நோயன்று, இயல்பு என்னும் இந்த உயர்ந்த தத்துவம் நம் கரைக்கு வந்து சேராதது இழப்பே. நம் மோட்டார்கள் சீலை நம்பிப் பிறந்தவை. அவற்றில் பால் நின்றால் பேரிங் துருப்பிடிக்கும்; அப்புறம் பெட்டி ஊளையிடும்.

ஆதலின் பெட்டியைக் கழற்றுக. 'கழற்றுக' என்று எழுதுவது எளிது. அலுமினியத்தில் முடுக்கிய எஃகுப் போல்ட் உப்புக்காற்றில் வெள்ளைப் பொடி பூத்து ஒட்டிக்கொண்டுவிடும். மண்ணெண்ணெய் விட்டு ஊறவைத்து, சுற்றுப்புறத்தைச் சூடாக்கி, தலையில் மெல்லத் தட்டி, ஒரு பக்கமாக மட்டும் திருகாமல் கொஞ்சம் முன்னும் கொஞ்சம் பின்னுமாகக் கொஞ்சிக் கொஞ்சித்தான் எடுக்க வேண்டும். அவசரப்பட்டால் தலை கையிலும் உடல் பெட்டியிலும் இருக்கும். இந்நிலையில் மெக்கானிக்குக்கும் போட்டுக்காரருக்கும் நிகழும் உரையாடல் ஆய்வுக்குரியது.

"மாமா, கடைசியா எப்ப ஆயில் பாத்தீக?"

"போன மாசந்தான மாப்ள மாத்துனேன்."

"எந்த வருசத்துப் போன மாசம்?"

பல மோட்டார்களில் புரொப்பல்லர் ஷாஃப்டுக்கு இரண்டு சீல். இரண்டும் ஒன்றுக்கொன்று முதுகைக் காட்டி உட்காரும். ஒன்று ஆயிலை வெளியே விடாது, மற்றது தண்ணீரை உள்ளே விடாது. இரண்டையும் ஒரே பக்கம் பார்க்க வைத்துவிட்டு, 'டூப்ளிகேட் சீல், அதான் நிக்கல' என்று கடைக்காரரைத் திட்டுவதும் கரை மரபே. கியருக்கு அடியில் இருக்கும் காகிதத்தனை மெல்லிய ஷிம்மை எடுத்த இடத்திலேயே திரும்ப வைக்க வேண்டும். மணலில் விழுந்த ஷிம் கிடைத்ததாக வரலாறில்லை. கழற்றியதுதான் கழற்றினோம் என்று பெட்டியின் தலையில் இருக்கும் தண்ணீர் பம்பின் ரப்பர் இம்பெல்லரையும் மாற்றிவிடுவர். இச்செலவை ஒப்புக்கொள்ள வைப்பதே பழுதுபார்ப்பில் கடினமான பகுதி.

மூடியபின் ஒரு துளை வழியே சைக்கிள் பம்பால் அளவாகக் காற்றடித்து, பெட்டியைத் தண்ணீர் டிரம்மில் அமுக்கினால், குமிழி வரும் இடமே குற்றவாளி. மூன்று மதத்தாரும் வாயடைத்து நிற்கும் அரிய தருணம் இது. பிறகு ஆயில். கீழ்த்துளை வழியே மேலேற்றி, மேல்துளையில் வழியும்வரை நிரப்பி, மேல்திருகை முதலில் மூடிவிட்டுக் கீழே மூட வேண்டும். மேலிருந்து ஊற்றினால் உள்ளே காற்று அடைத்துக்கொண்டு பெட்டி நிரம்பியதாகப் பொய் சொல்லும்.

நாலைந்து நாள் கடலுக்குப் போய்வந்தபின் அடித்திருகைத் திறந்து ஆயிலின் நிறத்தை ஒருமுறை பார்க்கச் சொல்வார் மெக்கானிக். "நல்லா ஓடுறத ஏன் மாப்ள நோண்டணும்?" என்பார் போட்டுக்காரர். ஆதலால், பழுது நீங்கிய கியர்ப் பெட்டியின் ஆயில் என்ன நிறத்தில் இருக்கும் என்பதற்கு இக்கரையில் யாதொரு சான்றும் கிடைத்திலது.