வெள்ளித்தாள் ராஜாவும் கொல்லைக் கீரையும்

பகாவ், நெகிரி செம்பிலான், மலேசியா

அன்புள்ள அக்காவுக்குத் தங்கை எழுதிக்கொண்டது.

"வெளிநாட்டுக்காரிக்கு என்ன குறை, வெள்ளியில் சம்பளம்" என்று அத்தான் சொன்னாராம். ரிங்கிட்டை இங்கே வெள்ளி என்றுதான் சொல்வோம், அது வருவது நிஜம். இந்த நாட்டு நோட்டு அத்தனையிலும் இருக்கிறாரே துவாங்கு அப்துல் ரஹ்மான், அவர் எங்கள் மாநிலத்து ராஜாவாக இருந்தவர். 1957-ல் நாடு சுதந்திரம் வாங்கியதும் முதல் மாமன்னர் ஆனவர். உள்ளூர்க்காரராயிற்றே என்று கொஞ்சமாவது பாசம் வேண்டாமா? சம்பள நாளன்று வீட்டுக்கு வருகிறார், மறுநாள் மளிகைக்கடைக்குப் போய் அங்கேயே தங்கிவிடுகிறார். சட்டப்படி குறைந்தபட்சச் சம்பளம் இப்போது மாதம் 1,700 வெள்ளி. மோட்டார் சைக்கிள் தவணை, பையனின் பள்ளி வேன், போன், அம்மாவுக்கு மருந்துச் செலவு எல்லாம் போன பிறகு நிற்பதை வைத்துச் சாப்பிட வேண்டும். ஆகவே கொல்லையில் கிடைப்பதைக் கடையில் வாங்கக் கூடாது என்பது என் மாமியார், அதாவது அத்தை, போட்ட சட்டம். அதற்கு அப்பீல் கிடையாது.

வீட்டைச் சுற்றிக் கண்ணுக்கெட்டிய தூரம் செம்பனை. சமையல் எண்ணெய்தான் குலை குலையாய்த் தொங்குகிறது என்று வைத்துக்கொள். நாங்களோ அரசாங்க மானியத்தில் 2 வெள்ளி 50 காசுக்கு விற்கிற ஒரு கிலோ பாக்கெட் எண்ணெய்க்குக் கடை கடையாய் ஏறி இறங்குகிறோம். மரம் தோட்டக் கம்பெனிக்கு, நிழல் நமக்கு. அந்த நிழலில் ஒரு கீரைத்தண்டுகூட உருப்படாது.

ஆனால் கம்பெனி வேண்டாமென்று ஒதுக்குவதில் நமக்குப் பங்கு உண்டு. ஆலையில் பழத்தை உதிர்த்தெடுத்த பிறகு வெறுங்குலையைக் கொண்டுவந்து மரத்தடியில் உரமாகக் கொட்டுவார்கள். மழை பெய்து அது மக்கும்போது காளான் கிளம்பும் பார், ஆட்டுக்கறி தோற்றது. விடியுமுன் போனால்தான் கிடைக்கும். பக்கத்து லயத்து, அதாவது பக்கத்து வரிசை வீட்டு, லொம்போக் அக்கா அதற்கும் முன்னால் போய்விடுகிறாள். இந்தோனேசியாக்காரி. நான் முருங்கைக்கீரை கொடுத்தால் அவள் மரவள்ளிக் கொழுந்து கொடுப்பாள். பாஷை பாதிதான் புரியும், பண்டமாற்று முழுசாய் நடக்கும். மட்டை ஈர்க்கைச் சீவிக் கட்டினால் விளக்குமாறு. செம்பனையைக் கடிக்கும் எலிக்காகக் கம்பெனி கூண்டு வைத்துக் கூகை வளர்க்கிறது. அது சம்பளம் வாங்காமல் என் நிலக்கடலைக்கும் சேர்த்துக் காவல் இருக்கிறது. குரங்குக்கு மட்டும் இன்னும் யாரும் வழி சொல்லவில்லை. பப்பாளி எப்போது பழுக்கும் என்று அதற்கு என்னைவிட நன்றாகத் தெரியும்.

அத்தையின் தோட்டப் பைத்தியத்துக்குச் சரித்திரமே இருக்கிறது. 1974-ல் விலைவாசி ஏறிக் கிடந்தபோது, பிரதமர் துன் அப்துல் ரசாக் பச்சைப் புத்தகத் திட்டம் என்று ஒன்று தொடங்கினார். சும்மா கிடக்கிற மண்ணிலெல்லாம் காய்கறி போடச் சொன்ன திட்டம். அத்தை அப்போது பள்ளிக்கூடப் பிள்ளை. வகுப்புக்கு ஒரு பாத்தியாம். "ரசாக் போடச் சொன்னாரு. நிறுத்தச் சொல்லி இன்னும் யாரும் சொல்லலியே" என்கிறார்.

அதற்கும் முந்திய கதை ஒன்று உண்டு. ஜப்பான்காரன் காலத்தில், 1943 கடைசியிலிருந்து, சிங்கப்பூரில் சோற்றுக்குப் பஞ்சம் என்று அங்கிருந்த கத்தோலிக்கரையும் யூரேசியர்களையும் இந்தப் பகாவ் காட்டுக்கு அனுப்பினார்கள். காட்டை வெட்டி நீங்களே விளைவித்துச் சாப்பிடுங்கள் என்று உத்தரவு. மண்வெட்டி பிடித்தறியாத டவுன்காரர்கள், மட்டமான மண், அதற்குமேல் மலேரியா. நூற்றுக்கணக்கில் செத்தார்கள். கூட வந்த பிஷப் டெவால்ஸும் 1945-ல் இறந்துபோனார். யூடியூப்பில் தோட்டம் போட்டு மாதம் இவ்வளவு மிச்சம் என்று சிரித்துக்கொண்டே சொல்கிறவர்களைப் பார்க்கும்போதெல்லாம் எனக்கு இதுதான் ஞாபகம் வரும். அந்த நாளில் தோட்டத்து ஜனங்களுக்கும் மரவள்ளிதான் சோறு. அத்தையின் அம்மா கடைசிவரை மரவள்ளியைக் கையால் தொடவில்லையாம். நான் அதில் அப்பளம் போட்டு வெயிலில் காயவைத்தால் அத்தை முகத்தைத் திருப்பிக்கொண்டு போகிறார், ராத்திரி ரசத்துக்கு நாலு கேட்கிறார்.

இன்னொரு வேடிக்கை கேள். இந்த மாநிலத்து மலாய்க்காரரிடம் அடாட் பெர்பாத்தே என்று ஒரு வழக்கம்: குலத்துப் பூர்வீக நிலம் பெண்வழியில்தான் இறங்கும். அத்தைக்கு இது ரொம்பப் பிடித்துவிட்டது. வாசல் கறிவேப்பிலை மரத்தையும் பின்னால் நிற்கும் முருங்கையையும் சாட்சி வைத்து எனக்கு எழுதி வைத்ததாக அறிவித்துவிட்டார். என் வீட்டுக்காரருக்கு ஒரு இலைகூட இல்லை. மரம் நிற்கிற மண் கம்பெனியுடையது, நாளைக்கே போ என்றால் போக வேண்டியதுதான் என்பதை யாரும் பேசவில்லை. நீலாய், சிரம்பான் பக்கம் எத்தனையோ ரப்பர் தோட்டங்கள் வீட்டுமனையாகிவிட்டன. லயத்திலிருந்து மலிவு விலை அடுக்குமாடிக்குப் போன நாத்தனார் நாலாவது மாடி நடைபாதையில் பெயின்ட் டப்பாவில் துளசியும் கற்பூரவல்லியும் வைத்திருக்கிறார். சம்பளம் முன்னைவிடக் கூடத்தான். இருந்தாலும் ரசத்துக்குக் கொத்தமல்லி வேண்டுமென்றால் லிப்ட் இறங்கிக் கடைக்குப் போகிறார், அதுவும் லிப்ட் ஓடுகிற நாளில்.

நீ துறையூரில் சொந்த வீடு, சொந்தக் கிணறு, சொந்தக் கொல்லையோடு உட்கார்ந்துகொண்டு பாக்கெட்டில் இட்லி மாவு வாங்குகிறாய். போன தடவை வீடியோவில் பார்த்தேன், அத்தான் முருங்கைக்கீரைப் பொடியை பாட்டிலில் வாங்கி வெந்நீரில் கலக்கிக் குடிக்கிறார். பின்னால் ஜன்னல் வழியே நம் முருங்கை மரம் தெரிகிறது! வெளிநாட்டில் இருப்பது நானா நீங்களா?

அத்தான் தீபாவளிக்கு இங்கே வருவதாகச் சொன்னாய். சாம்பார்ப்பொடி, ஊறுகாய், அந்தக் கீரை பாட்டில் எதுவும் வேண்டாம். பாசத்தில் விதை கிதை முறுக்கு டப்பாவில் ஒளித்து அனுப்பாதே. இந்த நாட்டு ஏர்போர்ட்டில் அனுமதி இல்லாமல் விதை கொண்டுவர முடியாது. அம்மாவிடம் வெங்காய வடகத்துக்கு எந்தப் பருப்பு எவ்வளவு என்று கேட்டு எழுது, அது போதும். அத்தானை நல்ல கனமான செருப்பு போட்டுக்கொண்டு வரச் சொல். காளான் பறிக்க விடியுமுன் கூட்டிப்போகப் போகிறேன். லொம்போக் அக்காவை முந்த எனக்கு ஒரு ஆள் தேவைப்படுகிறது.

இப்படிக்கு,
உன் தங்கை