மிக்ஸிக்குள் விழுந்த விண்ணப்பதாரர்

2004இல் கலிபோர்னியாவின் 101ஆம் நெடுஞ்சாலையில் ஒரு விளம்பரப் பலகை நின்றது. அதில் நடிகை இல்லை, தள்ளுபடி இல்லை, கம்பெனியின் பெயர்கூட இல்லை. 2.718 என்று தொடங்கி முடிவில்லாமல் நீளும் எண்ணில், அடுத்தடுத்த பத்து இலக்கங்களாக வரும் முதல் பகா எண் எதுவோ, அதற்குப் பின்னால் டாட் காம். அவ்வளவுதான். விடை 7427466391. அந்த முகவரிக்குப் போனவருக்குப் பரிசாகக் கிடைத்தது இன்னொரு கணக்கு. அதையும் போட்டவருக்குத்தான் கூகிள் முகத்தைக் காட்டி, பயோடேட்டா அனுப்பச் சொன்னது. வேலை அல்ல, வேலைக்கு விண்ணப்பிக்கும் பாக்கியம்!

அதே ஆண்டு ஏப்ரல் 1 அன்று, மதுரையில் பிறந்து சென்னையில் வளர்ந்த ஒருவர் கூகிள் நேர்காணலுக்குப் போனார். அன்றுதான் ஜிமெயில் அறிமுகம். ஆளுக்கு ஒரு ஜிகாபைட் இடம் இலவசம் என்றதும் பலரும் ஏப்ரல் ஃபூல் விளையாட்டு என்றே நினைத்தார்கள். சுந்தர் பிச்சையும் அப்படித்தான் நினைத்தாராம். ஜிமெயில் எப்படி என்று ஒருவர் மாற்றி ஒருவர் கேட்டால், கண்ணால் காணாததைப் பற்றி என்ன சொல்வது? நாலாவதாக வந்தவர்தான், பார்த்திருக்கிறீர்களா என்று விசாரித்துத் திறந்து காட்டியிருக்கிறார். ஐந்தாவது ஆளிடம் பிச்சை அபிப்பிராயமே சொல்லிவிட்டார். 2017இல் கரக்பூர் ஐஐடி மாணவர்களிடம் இதைச் சொன்னபோது அவர் கூகிளின் தலைவர். தாராளமாகச் சிரிக்கலாம்.

அந்தக் காலத்துக் கேள்விகள் தனி ரகம். ஒரு விமானத்துக்குள் எத்தனை கோல்ஃப் பந்து அடங்கும்? மன்ஹாட்டனில் எத்தனை பெட்ரோல் பங்க்? நீங்கள் நாணய அளவுக்குச் சுருங்கி மிக்ஸிக்குள் விழுந்துவிட்டீர்கள், அறுபது நொடியில் பிளேடு சுற்றும், என்ன செய்வீர்கள்? (அம்மாவைக் கூப்பிடுவேன் என்பதே நேர்மையான பதில். மதிப்பெண் கிடைக்காது.)

இதெல்லாம் சுத்த நேர விரயம் என்று 2013இல் நியூயார்க் டைம்ஸ் பேட்டியில் போட்டு உடைத்தவர் வெளியாள் அல்ல, கூகிளின் மனிதவளத் தலைவராக இருந்த லாஸ்லோ பாக். கேட்பவருக்குத் தான் பெரிய மேதை என்ற திருப்தி கிடைக்கும், வேறு பயன் இல்லை என்றார். பல்லாயிரம் நேர்காணல்களை எடுத்து, யார் யாருக்கு எவ்வளவு மதிப்பெண் போட்டார்கள், சேர்ந்தவர் பிறகு எப்படி வேலை செய்தார் என்று ஒப்பிட்டார்களாம். சம்பந்தமே இல்லை! ஒரே ஒருவரின் கணிப்பு மட்டும் தப்பவில்லை. அவர் தன் குறுகிய துறையில் உலகத்திலேயே முதல் ஆள், அந்தத் துறைக்காரர்களை மட்டுமே நேர்காணல் செய்தவர்.

புதிர்கள் போயின, வெள்ளைப் பலகையில் நிரல் எழுதவைக்கும் பழக்கம் அப்போதும் போகவில்லை. கையில் மார்க்கர், முதுகுக்குப் பின்னால் ஒருவர் லேப்டாப்பில் டக்டக்கென்று எதையோ குறித்துக்கொண்டிருப்பார். அரைப்புள்ளி விட்டுப்போனால் சிவப்புக் கோடு போட்டுக் காட்ட அந்தப் பலகைக்குத் தெரியாது. மேக் கணினிகளில் மென்பொருள் நிறுவ உதவும் ஹோம்ப்ரூவை எழுதிய மேக்ஸ் ஹோவெல், 2015இல் ட்விட்டரில் பொருமினார்: கூகிள் பொறியாளர்களில் 90 சதவீதம் பேர் அவர் எழுதியதைப் பயன்படுத்துகிறார்களாம், ஆனால் பலகையில் பைனரி மரம் என்ற தரவு அமைப்பைத் திருப்பிப் போடத் தெரியாததால் அவருக்கு வேலை இல்லையாம்.

 

கூகிளில் ஒருவரை எடுப்பதா வேண்டாமா என்று தீர்மானிப்பது நேர்காணல் செய்தவரும் அல்ல. தனியே ஒரு குழு, ஆளையே பார்க்காமல், ஜாதகம் பார்ப்பதுபோலக் கோப்பை மட்டும் புரட்டி முடிவு சொல்லும். அங்கே 250 நேர்காணல்கள் எடுத்த பொறியாளர் ஒருவர் பின்னாளில் மேடையில் சொன்ன கதை இது. அவர் இருந்த குழு, வந்தவர்களை எல்லாம் தள்ளிக்கொண்டே இருந்தது. ஆள் பிடித்துத் தரும் அலுவலருக்குப் பொறுக்கவில்லை. ஒருநாள் ஒரு கட்டுக் கோப்புகளை நீட்டினார். குழு அலசிப் பார்த்து, ஒருவர்கூடத் தேறவில்லை என்றது. அத்தனையும் அந்தக் குழுவினர் தாங்கள் வேலைக்குச் சேர்ந்தபோது கொடுத்த நேர்காணல்களின் கோப்புகள், அடையாளம் தெரியாதபடி லேசாக மாற்றப்பட்டவை.