ஆர்மேனியப் பாட்டன்

கேள்வி: எச்சில் மரபணுப் பரிசோதனையில் என் தந்தைவழி ‘எல்’ பிரிவு, அது ஆர்மேனியாவிலும் உண்டு என்று வந்திருக்கிறது. அப்படியானால் நான் ஆர்மேனியனா?
– ஒரு வாசகர், ஏற்காடு

பதில்: அவசரப்பட்டு விசாவுக்கு எழுதிவிடாதீர்கள்! ஆர்மேனியாவில் அரேனி என்றொரு குகை. சுமார் 5,500 வருடப் பழைய தோல் செருப்பு, அதுவும் வலது கால் மட்டும், அங்கே கிடைத்தது. (கோயில் வாசலில் ஒற்றைச் செருப்பைத் தொலைத்தவர்கள் ஆறுதல் கொள்க.) அதே குகை எலும்புகளின் மரபணுவை 2016-ல் வெளியிட்டார்கள், மூன்று ஆண்களுக்கு ‘எல்’லின் கிளையான ‘எல்1ஏ’. தென்னிந்தியாவிலும் ‘எல்’ கணிசம். அதற்காகக் குகைக்காரர் உங்கள் பாட்டனாகிவிட மாட்டார். பல்லாயிரம் வருடத்துக்கு முந்தைய பொது மூதாதை ஒருவர் இருந்தார், அவ்வளவுதான்.

இந்தப் பிரிவைக் காட்டும் ஒய் குரோமோசோம் அப்பனிடமிருந்து மகனுக்கு மட்டுமே போகும். பத்துத் தலைமுறைக்கு முன் உங்களுக்கு 1,024 முன்னோர்; ஒய் குரோமோசோம் அவர்களில் ஒருவரைப் பற்றி மட்டும்தான் பேசும். மீதி 1,023 பேர் கோபித்துக்கொள்ள மாட்டார்களா? உங்கள் ஊர்ச் சேர்வராயன் மலைக் காப்பிக்குப் பூர்வீகம் எத்தியோப்பியா. நாம் அதை ஏற்காடு காப்பி என்றுதானே குடிக்கிறோம்?

ஆர்மேனியத் தொடர்பு வேண்டுமென்றால் 20 கொண்டை ஊசி வளைவும் இறங்கி, சேலத்தில் சென்னைக்கு ரயிலேறுங்கள். பாரிமுனை அருகே அரண்மனைக்காரன் தெரு. ‘ஆர்மேனியக்காரன்’தான் நம் வாயில் அரண்மனைக்காரன் ஆனான். அங்கே 1772-ல் கட்டிய ஆர்மேனிய மாதா கோயில் இருக்கிறது. அரண்மனைதான் கிடையாது.