பாடசாலையும் நடக்கும், வேலையும் நடக்கும்

தரம் நான்கு ‘ஆ’ பிரிவு எங்கே இருக்கிறது என்ற அற்ப விஷயத்தை அறிந்துகொள்வதற்காக, கப்பல்துறையிலிருந்து பஸ் ஏறி, பேரன் மறந்துவிட்டுப் போன சாப்பாட்டுப் பெட்டியைக் கையில் ஏந்தியவண்ணம், ஒரு பாடசாலையை (பெயர் வேண்டாம்; அதற்கு இருக்கிற தொல்லையே போதும்) கடந்த திங்கட்கிழமை நான் சுற்றிய சுற்றைக் கோணேசர் கோவிலில் சுற்றியிருந்தால், புண்ணியமாவது கிடைத்திருக்கும். வாயிற்காவலாளி நூலகத்தைக் காட்டினார். நூலகத்தில் தரம் ஏழு இருந்தது. அங்கிருந்த ஆசிரியை விஞ்ஞான ஆய்வுகூடத்தைக் காட்டினார். ஆய்வுகூடத்தில் சீமெந்து மூடைகள் உத்திரம்வரை அடுக்கப்பட்டு, அவற்றுக்குக் காவலாக எலும்புக்கூடு ஒன்று நிறுத்தப்பட்டிருந்தது. ஈற்றில், பிரார்த்தனை மண்டபத்தின் மேடையில், இழுத்துவிட்ட திரைச்சீலைக்குப் பின்னால் நான் தேடிய வகுப்பைக் கண்டுபிடித்தேன். திரைக்கு முன்னால் தரம் ஒன்பது உணவு சமிபாடு படித்துக்கொண்டிருந்தது. திரைக்குப் பின்னால் ஏழாம் வாய்பாடு. இரைப்பையில் சுரக்கும் அமிலம் ஐம்பத்தாறு என்று அன்று எத்தனை பிள்ளைகள் கற்றுக்கொண்டார்களோ, நான் அறியேன்.

“நாளைக்கு இங்க தேடாதீங்க ஐயா, சைக்கிள் கொட்டகைக்குப் போறம்” என்றார் வகுப்பாசிரியை, வெகு சாந்தமாக. பேரனோ பெட்டியைப் பார்த்துவிட்டு, “ஏன் அம்மப்பா கொண்டுவந்தீங்க? இண்டைக்குச் சிலாப் போடுறாங்கள். பள்ளிக்கூடம் அரைநாள்தான்” என்றான்.

நான் முறையிடுவதற்காகப் பேனாவை எடுக்கவில்லை. முறையிடுவதற்கு என்னைவிடத் தகுதி வாய்ந்தோர் இம்மாவட்டத்தில் நிரம்ப இருக்கிறார்கள். பாடசாலையை ஒருநாள்கூட மூடாமல் அதை விஸ்தரிக்கவும் புதுப்பிக்கவும் சுலபமான, செலவில்லாத யோசனை ஒன்று எனக்கு உதித்திருக்கிறது. அதைச் சொல்லி முடித்துக்கொள்வதே என் உத்தேசம். ஆயினும் அதற்கு முன்னர், விடுமுறை என்ற விஷயத்தைத் தொடாமல் போவது நியாயமாகாது.

ஆண்டுக்கு மூன்று தவணை, மூன்று விடுமுறை. அந்த நாட்களில் பாடசாலை வளவுக்குள் போய்ப் பாருங்கள்: ஒரு மேசன் இல்லை, ஒரு கரண்டி இல்லை, சாரத்தில் காகம் மாத்திரம் இருக்கும். கொந்தராத்துக்காரரும் ஒருகாலத்தில் மாணவராக இருந்தவர்தாமே. பாடசாலைக்கு விடுமுறை என்றால் தமக்கும் விடுமுறை என்ற பால்யகால நம்பிக்கையை அவர் இன்னும் கைவிடவில்லை. தவணை தொடங்கும் நாளில், முதல் மணி அடிக்கும் அதே முகூர்த்தத்தில், கொங்கிரீட் கலவை யந்திரமும் சுழலத் தொடங்கும்.

இதற்குக் காரணம் கேட்டால் நிதி என்பார்கள். மதிப்பீடு, அங்கீகாரம், கேள்விப்பத்திரம் என்ற கடவைகளையெல்லாம் தாண்டிப் பணம் வந்து சேர்வதற்குள் ஆண்டில் பெரும்பாகம் கழிந்துவிடும். டிசம்பர் 31க்குள் செலவாகாத பணம் திறைசேரிக்கே திரும்பிப் போய்விடும். ஆகவே, பத்து மாதம் உறங்கிய வேலை ஐப்பசியில் துள்ளி எழுகிறது. நம்முடைய திருகோணமலைக்கோ மழையைக் கொண்டுவருவது வாடைக்காலம். வானம் கறுத்து, குளங்கள் நிறையத் தொடங்கும் அந்தச் சுபதினத்தைத் தெரிந்தெடுத்துத்தான் நாம் வகுப்பறையின் ஓட்டைக் கழற்றுகிறோம்.

அது கிடக்க, மண்ணைப் பற்றிச் சொல்லவேண்டும்.

மத்திய மலைநாட்டிலே உற்பத்தியாகி, 335 கிலோமீற்றர் ஓடி, நமது கொட்டியாரக் குடாவில் வந்து சங்கமமாகும் மகாவலி கங்கை, பாறைகளை யுகயுகமாகத் தேய்த்துத் தேய்த்துச் செய்த மணலானது, சுரங்கப் பணியகத்தின் அனுமதிப்பத்திரத்தோடு டிப்பரில் ஏறிப் பாடசாலை வாசலில் கொட்டப்பட்ட மாத்திரத்திலே, தன் பிரயாணம் முற்றுப்பெற்றதென்று தீர்மானித்துவிடுகிறது. கியூப் ஒன்றுக்கு நூறு கன அடி என்பது கணக்கு. எத்தனை கியூப் வந்தாலும் அது கொட்டப்படும் இடம் ஒன்றே: காலைக் கூட்டம் நடைபெறும் முற்றத்தின் நட்டநடு. பின்புறத்தில் ஏக்கர் கணக்காக நிலம் கிடந்தாலும் டிப்பர்ச் சாரதி அங்கே போகமாட்டார். ஆகவே தேசிய கீதம் மணற்குவியலைச் சுற்றிப் பாடப்படுகிறது. ஒரு பக்கத்தில் நிற்கும் பிள்ளைகளுக்கு அதிபரின் திருமுகம் தெரியும். மறுபக்கத்தாருக்கு அசரீரி மாத்திரம்.

முதற்கிழமை அது தடைசெய்யப்பட்ட பிரதேசம்; ஏறினால் பிரம்பு. இரண்டாம் கிழமை மாணவத் தலைவர்கள் மாத்திரம் ஏறலாம். மூன்றாம் கிழமையில் தரம் ஒன்று முழுவதும் அதன் உச்சியில் குடியிருக்கும். கச்சான் காற்று வீசும் மாதங்களில் குவியல் தானாகவே கிளம்பி வகுப்பறைகளுக்குள் வந்து, கொப்பிகளில், தண்ணீர்ப் போத்தல்களில், தலைமயிரில் என்று இடம்பிடித்துக்கொள்ளும். வாடைக்காலத்தில் உருகி வடிகானுக்குள் இறங்கி, அங்கே ஒரு புதிய வேலைத்திட்டத்துக்கு வித்திடும். என் பேரன் நாள்தோறும் சப்பாத்துக்குள் கொண்டுவரும் பங்கை என் மகள் முற்றத்தில் தட்டுகிறாள். இவ்வாறே போனால் எங்கள் வீட்டு வாசற்படியைப் பூசுவதற்கு மண் வாங்கவேண்டிய அவசியம் நேராது. பூச்சட்டிக்கென்றும், சமையலறை வெடிப்பை அடைப்பதற்கென்றும், பொதுமண்ணிலே நாம் எல்லோரும் அந்தியில் எடுத்துச் செல்லும் அரைச் சாக்கைப் பற்றி இங்கே நான் பிரஸ்தாபிக்கவில்லை. அது களவில் சேராது.

இரவிலே அதற்கு வேறு பிரஜைகள். பிரெட்றிக் கோட்டையில் வாழும் புள்ளிமான்கள் நகரத்து வீதிகளில் உலாவுவதை நீங்கள் அறிவீர்கள். அவற்றுள் ஒரு கிடாய் விடியற்காலையில் குவியலின் சிகரத்திலே கொம்பை நிமிர்த்தி நின்ற காட்சியைக் கண்ட ஒருவர், பாடசாலைக்குப் புதிய இலச்சினை கிடைத்துவிட்டதென்று நினைத்தாராம். இல்ல விளையாட்டுப் போட்டி வந்தது. ஓட்டப் பாதை மணலைச் சுற்றி வளைந்தது. அதனால் நூறு மீற்றர் ஓட்டத்தில் ஒரு வளைவு ஏற்பட்டது. நேராக ஓடத் தெரிந்த பிள்ளை தோற்று, வளையத் தெரிந்த பிள்ளை வென்றது. நீளம் பாய்தலுக்கு மாத்திரம் தட்டுப்பாடில்லாமல் மண் கிடைத்தது. கணித ஆசிரியர் ஒருவர், கிடைத்ததை உபயோகிப்பதே விவேகம் என்று கருதி, கூம்பின் கனவளவைக் காண்பதற்கு உயர்தர வகுப்புக்குப் போகவிருக்கும் பிள்ளைகளை அதனருகே அழைத்துச் சென்றார். திங்களன்று அளந்தவர்களுக்கும் வெள்ளியன்று அளந்தவர்களுக்கும் விடை வேறுபட்டது. இரண்டுமே சரி. மேலே சொன்ன அரைச் சாக்குகள்தாம் காரணம்.

கட்டட வேலை நடக்குமிடத்தில் கைகளைப் பின்னே கட்டிக்கொண்டு நின்று அபிப்பிராயம் சொல்லாத தமிழனை நான் கண்டதில்லை. அன்று பெட்டியோடு நானும் நின்றேன். கொங்கிரீட் தன் பூரண பலத்தை அடைவதற்கு 28 நாட்கள் என்று கணக்கு; முதற்சில தினங்களில் அதை ஈரம் காயவிடாமல் பேணவேண்டும் என்பதை மேசனாருக்கு விஸ்தாரமாக வியாக்கியானம் செய்தேன். அவர் பொறுமையாகக் கேட்டுவிட்டு, “தண்ணி விட்டா அங்கால வகுப்புக்குள்ளதான் ஐயா வடியும். டீச்சர் ஏசுவா” என்றார். சாஸ்திரம் அத்துடன் நின்றது.

கன்னங்கரா 1945இல் இலவசக் கல்வியைக் கொண்டுவந்த காலந்தொட்டுப் பிள்ளைகள் வந்துகொண்டே இருக்கிறார்கள், இடம் போதாதுதான், கட்டத்தான் வேண்டும். அதை யார் மறுத்தார்? இங்கிலாந்திலே 2023ஆம் ஆண்டு ஓகஸ்ட் 31ஆம் திகதி, புதுத் தவணைக்குச் சில தினங்களே இருக்கையில், இலேசான ஒருவகைக் கொங்கிரீட்டினாலான கட்டடங்கள் இடிந்துவிழக்கூடும் என்று, நூற்றுக்கு மேற்பட்ட பாடசாலைகளில் அத்தகைய பகுதிகளை மூடச்சொன்னார்கள். நாடே கொந்தளித்தது. கூடாரத்துக்குள் வகுப்பா என்று பெற்றோர் கேட்டார்களாம். கூடாரம்! எங்கள் தரம் நான்குக்கு ஒரு கூடாரம் கொடுத்துப் பாருங்கள். அதற்கொரு திறப்பு விழாவும் பழைய மாணவர் சங்கத்தின் வாழ்த்துப் பதாகையும் நிச்சயம் உண்டு.

அந்த ஆங்கிலேயர் சீனன்குடாவில் தம் கடற்படைக்காகக் கட்டிய எண்ணெய்த் தாங்கிகள் தொண்ணூற்றொன்பது இன்றும் காட்டுக்குள் நிற்கின்றன. அவர்கள் நமக்குச் செய்த கெடுதிகள் அநேகம். எனினும், பாதி கட்டிய தாங்கிக்குள் பிள்ளைகளை இருத்தி வாய்பாடு சொல்லிக்கொடுக்க அவர்களுள் எவரும் துணிந்ததாகத் தெரியவில்லை. நம்மவர்களுக்கும் இந்த நாகரிகம் தெரியாததன்று. கோவிலைத் திருத்துவதானால் முதலில் பாலஸ்தாபனம் செய்து, சுவாமியைச் சின்னதொரு ஆலயத்தில் சௌக்கியமாக எழுந்தருளச்செய்து, பூசைக்குக் குறைவில்லை என்று உறுதிசெய்த பின்னரே தச்சர் உளியைத் தொடுகிறார். சுவாமிக்குத் தூசி ஒவ்வாது. பிள்ளைகளுக்கு ஒத்துக்கொள்ளும்.

அரசாங்கங்களுக்கோ ஆயிரம் என்ற எண்ணின்மேல் தனிப் பிரேமை. ஆயிரம் இடைநிலைப் பாடசாலைகளை அபிவிருத்தி செய்வோம் என்றது ஒன்று. ஆயிரம் தேசிய பாடசாலைகளை உண்டாக்குவோம் என்றது பின்வந்தது. பெயர்ப்பலகை மாற்றுவதில் இரண்டாவது திட்டம் காட்டிய வேகத்தை ஓடு மாற்றுவதில் எவரும் இதுவரை காட்டவில்லை. பெயர்ப்பலகைக்கு 28 நாள் காத்திருக்க வேண்டியதில்லை அல்லவா?

யோசனையைச் சொல்ல வந்தேன். அதற்குள் புதன்கிழமை பெற்றோர் கூட்டம் வந்துவிட்டது. மண்டபத்தில் இடமில்லாமையால் மரநிழலில் கூடினோம். பணிமனையிலிருந்து வந்த கனவான், நெற்றியில் வியர்வையைத் துடைத்துக்கொண்டு, “பாடசாலையும் நடக்கும், வேலையும் நடக்கும், நீங்கள் ஒன்றுக்கும் யோசிக்க வேண்டாம்” என்று அபயமளித்தார். அவர் யோசிக்க வேண்டாம் என்ற பிறகு யோசனை சொல்வது மரியாதையன்று என்று நானும் வாய்மூடியிருந்தேன். பின்னர், அடுத்த தவணையில் மலசலகூடத் தொகுதி ஒன்றும் ஆரம்பமாகுமென்றும், அதற்குரிய மண் விரைவில் வந்திறங்குமென்றும் அறிவித்தார்.

முற்றத்தில்தான் மண் கிடக்கிறதே, அதிலேயே எடுக்கலாமே என்று பின்வரிசையில் ஒரு தாய் கேட்டார்.

“அதை எடுக்க ஏலாது அம்மா. அது வேற கணக்கு.”