மணி என்ன இருக்கும்?

கனவில் எதையாவது தேடினால் வெளியே மூச்சு விடக் கூடாது. விட்டால், கடக்வாஸ்லா அணைக்கரையில் காலைநடை போகும்போது அண்ணாச்சி பிடித்துக்கொள்வார். உங்கள் ஊரில் அவருக்கு வேறு பெயர் இருக்கலாம், ஆள் அவரேதான்.

"ராத்திரி கனவுல சாவியைத் தேடினேன் அண்ணாச்சி" என்றால், வீட்டுச் சாவியா பீரோ சாவியா, கடைசியில் கிடைத்ததா என்றுதானே எவரும் கேட்பார்கள்? அண்ணாச்சி கண்ணை மூடிக்கொண்டு, "அப்போ மணி என்ன இருக்கும் தம்பி?" என்பார்.

எல்லாம் பொன்னவன் செய்த வேலை. கனாநூல் என்று அவர் ஒரு சின்ன நூல் செய்துவைத்துவிட்டுப் போனார். முதல் சாமத்தில் கண்ட கனவு ஓராண்டில் பலிக்கும். இரண்டாம் சாமத்துக்கு 8 மாதம், மூன்றாவதற்கு 3 மாதம், நாலாவதற்கு 10 நாள். அண்ணாச்சிக்கு அந்த ஒரு பாட்டு மட்டும் தலைகீழ்ப் பாடம். மற்றப் பாட்டுகளைப் பற்றிக் கேட்டால் இருமல் வந்துவிடும்.

சாமம் என்றால் மூன்று மணி நேரம். முதல் சாமம் மாலை ஆறிலிருந்து ஒன்பது. அந்த வேளையில் நம்மில் யார் தூங்குகிறோம்? ஸ்வார்கேட்டிலிருந்து வரும் பஸ்ஸில் கம்பியைப் பிடித்தபடி கண்ணயர்ந்து, உட்கார இடம் தேடுவதாகக் கனவு கண்ட ஒருவர் உண்டு. "ஏழரை மணியா? ஒரு வருசம் பொறுங்க, சீட்டு கெடைக்கும்" என்று ஆறுதல் சொல்லி அனுப்பினார் அண்ணாச்சி.

பாதியில் விழித்துவிட்டோம் என்றால் அதற்கும் வழி உண்டு. அசோகவனத்தில் திரிசடை தன் கனவைப் பாதியில் நிறுத்தியபோது, மறுபடி தூங்கி மிச்சத்தையும் கண்டு சொல் என்று சீதையே கைகூப்பிக் கேட்டதாகக் கம்பர் பாடியிருக்கிறாராம். ஆகவே நீங்களும் போய்ப் படுக்கலாம். ஆபீசுக்கு யார் போவது என்பதைக் கம்பர் சொல்லவில்லை.

1953இல் சிகாகோவில் அசரின்ஸ்கி, கிளைட்மன் என்ற இருவர், தூங்குகிறவர்களின் விழி இமைக்குள்ளே ஓடுவதைக் கவனித்து எழுதினார்கள். கனவு மலியும் அந்தத் தூக்கம் விடியலை நெருங்க நெருங்க நீளும். அதனால் நம் நினைவில் நிற்பதில் பெரும்பங்கு நாலாம் சாமத்துச் சரக்கு. இதைத் தெரியாத்தனமாக அண்ணாச்சியிடம் சொல்லிவிட்டேன். "பொன்னவன் சொன்னத வெள்ளக்காரன் இப்பத்தான் ஒத்துக்கிட்டானா?" என்றார்.

என் நிலைமையைக் கேளுங்கள். இப்போதெல்லாம் கனவு கலைந்ததும் கை முதலில் கடிகாரத்துக்குத்தான் போகிறது. மணியைப் பார்த்து முடிப்பதற்குள் கனவு போய்விடுகிறது. என்ன தேடினேன், எங்கே தேடினேன், எதுவும் ஞாபகம் இல்லை, 4.20 என்பது மட்டும் பசுமரத்தாணி. போய் "4.20" என்று மட்டும் சொன்னேன். "அது போதும்" என்றார்.

ஒரே ஒருநாள்தான் அவர் வாயடைத்துப் பார்த்தேன். அணைக்கரையில் மக்காச்சோளம் சுட்டு விற்கும் ஆஜி, கனவில் அம்மாவின் செப்புக்குடத்தைத் தேடிக்கொண்டே இருப்பதாகச் சொன்னாள். அண்ணாச்சி தன் திருநெல்வேலி மராத்தியில் "கிதி வாஜதா?" என்று நேரம் கேட்டார். கிழவி வேறு மாதிரி புரிந்துகொண்டாள். 1961 ஜூலை 12. காலையில் பான்ஷேத் அணை உடைந்தது. அந்தத் தண்ணீர் வந்து இதையும் உடைத்தது என்று கரண்டியால் அணையைக் காட்டினாள். அப்போது நாராயண் பேட்டையில் சின்னப் பெண்ணாம். வீட்டில் எதுவும் மிஞ்சவில்லையாம். அண்ணாச்சி சாமக் கணக்கை எடுக்கவில்லை. பல் கட்டிய வாயோடு இரண்டு சோளம் வாங்கி, இரண்டையும் அங்கேயே நின்று தின்று முடித்தார்.

அந்த ஒரு நாளுக்காக அவரை மன்னித்துவிடலாம் என்றுதான் இருந்தேன். ஆனால் குடை விஷயம் இருக்கிறதே.

போன வருஷம் மழைக்கு, "எதிர்வீடு வரைக்கும்தான்" என்று வாங்கிப் போனார். கறுப்புத் துணி, மூங்கில் பிடி, பிடியில் என் மனைவி சுற்றிய சிவப்பு நூல். வாங்கிய குடையைத் திருப்பித் தர ஒரு மனிதனுக்கு எத்தனை மாதம் வேண்டும்? நேரே கேட்க நாக்கு வரவில்லை. அதனால் கடந்த வாரம், கொட்டுகிற மழையில், சுற்றி வளைத்துச் சொன்னேன்: "கனவுல குடையைத் தேடினேன் அண்ணாச்சி."

"குடையா! பெரிய மனுசன் ஒருத்தன் ஆதரவு கெடைக்கும் தம்பி" என்றார் என் குடைக்குக் கீழே நின்றுகொண்டு. சிவப்பு நூலை விரலால் நீவியபடியே, "மணி என்ன இருக்கும்?"

"நாலு."

"அப்ப பத்தே நாள்ல பலிச்சிரும்."

இன்று ஏழாம் நாள். சிங்ககட் கோட்டைப் பக்கம் கருத்துக் கிடக்கிறது.