விருந்தோம்பலில் குறைவைக்காத பிரிட்ஜ்

வந்தவரை வாசலோடு திருப்பி அனுப்பாத மனசு எல்லாருக்கும் வாய்ப்பதில்லை. அந்த வகையில் 'கோஸ்டா கான்கார்டியா' என்ற இத்தாலியச் சொகுசுக் கப்பலின் பிரிட்ஜைப் புகழ்ந்தே ஆக வேண்டும். பிரிட்ஜ் என்பது கப்பலைச் செலுத்தும் அறை. சுக்கான், ரேடார், கடல் வரைபடம் ஆகியவற்றுக்கும், கண்கொட்டாமல் பார்க்கும் நாலைந்து பேருக்கும் மட்டுமே அங்கே வேலை. ஆனால் 2012 ஜனவரி 13 இரவு, வேலையில்லாதவர்களுக்கும் அங்கே தாராளமாக இடம் இருந்தது. உணவுக்கூடத்தின் தலைமைப் பணியாளர் வந்திருந்தார். ஓட்டல் பிரிவின் தலைவர் வந்திருந்தார். கேப்டனோடு இரவுச் சாப்பாட்டை முடித்துக்கொண்டு ஒரு பெண்மணியும் வந்திருந்தார்.

விருந்தாளிகளை நிற்க வைத்துவிட்டு இருட்டைக் காட்டுவது அழகா? கேப்டன் பிரான்செஸ்கோ ஸ்கெட்டினோ, ஜீலியோ தீவையே பக்கத்தில் காட்டப் புறப்பட்டார். உணவுக்கூடத் தலைமைப் பணியாளரின் சொந்த ஊர் அது. கரையை ஒட்டிப் போய்த் தீவுக்கு ஒரு வணக்கம் வைத்துவிட்டு வருவது அந்தக் கடல்பக்கத்தில் பழகிப்போன உபசாரம். ஓய்வுபெற்ற இன்னொரு கேப்டனையும் விட்டுவிடாமல் போனில் அழைத்துப் பேசினார்கள். 290 மீட்டர் நீளமும் நாலாயிரத்துக்கும் மேற்பட்ட உயிர்களும் கொண்ட கப்பல் கும்மிருட்டில் மணிக்கு ஏறக்குறைய 16 கடல் மைல் வேகத்தில் கரையை நோக்கிப் போய்க்கொண்டிருந்த நேரத்திலும் நட்பை மறக்காதவர்கள் அவர்கள்.

அவர்களுடைய தன்னம்பிக்கையும் சாதாரணமானதல்ல. கரையிலிருந்து அரைக் கடல் மைல் தூரத்தில் கடப்பது என்பது திட்டம். அவ்வளவு நெருங்கிப் போகிறவர்கள் ஒவ்வொரு பாறையும் தெரியும்படியான பெரிய வரைபடத்தை விரித்துக்கொள்வார்கள். இவர்களுக்கு 1:1,00,000 அளவுள்ள பொது வரைபடமே போதுமாக இருந்தது. கூட இருந்த அதிகாரிகளின் பணிவும் பாராட்டத்தக்கது. கேப்டன் போட்டு வைத்த திட்டத்தையே ஓரங்கட்டிவிட்டுக் கப்பலைக் கண்மட்டத்தில் ஓட்டியபோது, பெரியவர் பேச்சுக்கு மறுபேச்சு பேசி அவர் மனசைப் புண்படுத்த யாரும் துணியவில்லை. பிறகு வந்த இத்தாலிய அரசு விசாரணை அறிக்கை இந்த உபசாரத்தையெல்லாம் மறக்காமல் பதிவு செய்தது. பணியில் இல்லாதவர்கள் அறையில் இருந்ததும், கப்பலுக்குச் சம்பந்தமில்லாத போன் பேச்சும் கேப்டனின் கவனத்தைச் சிதறடித்தன என்றது.

இரவு 9.45 மணிக்கு லெ ஸ்கோலே பாறை கப்பலின் இடப்பக்கத்தை ஐம்பது மீட்டர் நீளத்துக்குக் கிழித்தது. என்ஜின் அறைக்குள் கடல் புகுந்தது, விளக்குகள் அணைந்தன. அப்போதும் பயணிகளைக் கலவரப்படுத்தக்கூடாது என்ற அக்கறை பிரிட்ஜுக்கு இருந்தது. மின்சாரக் கோளாறுதான், சரியாகிவிடும் என்று அறிவித்தார்கள். கரையிலிருந்து கடலோரக் காவல்படை கேட்டபோதும் அதே பதில்தான். காவல்படைக்குச் சந்தேகம் வந்ததே, கப்பலில் இருந்த ஒருவர் வீட்டுக்குப் போன் செய்து, வீட்டார் போலீசைக் கூப்பிட்டதால்தான். கப்பலை விட்டு வெளியேறுங்கள் என்ற உத்தரவு வர ஒரு மணி நேரத்துக்கு மேல் ஆனது. அத்தனை நிதானம்.

நிதானமானவர் என்றாலும் தேவைப்பட்டபோது கேப்டன் வேகத்தையும் காட்டினார். நூற்றுக்கணக்கானோர் சாய்ந்த கப்பலில் தொங்கிக்கொண்டிருந்த நேரத்தில் அவர் படகில் கரைசேர்ந்துவிட்டார். கால் தவறி உயிர்காப்புப் படகுக்குள் விழுந்துவிட்டதாக விளக்கமும் சொன்னார். கப்பலுக்குத் திரும்பிப் போங்கள் என்று காவல்படை அதிகாரி கிரெகோரியோ டி ஃபால்கோ போனில் அதட்டியும் அவர் திரும்பவில்லை. அதே இரவில், கப்பலுக்குச் சம்பந்தமில்லாத ஒருவர் எதிர்த்திசையில் போனார். ஜீலியோ தீவின் துணை மேயர் மாரியோ பெல்லெக்ரினி படகேறிக் கப்பலுக்குள் போய், விடியும்வரை ஆட்களை வெளியேற்றினார். தீவு மக்கள் வீட்டையும் மாதா கோவிலையும் திறந்துவைத்து, நனைந்து வந்தவர்களுக்குப் போர்வை கொடுத்தார்கள். அன்று விருந்தோம்பல் என்ற பேருக்குத் தகுதியானது அது ஒன்றுதான்.

இறந்தவர்கள் 32 பேர். ஐந்து வயதுச் சிறுமி ஒருத்தி, தன் அப்பாவோடு. மும்பையிலிருந்து பிழைக்கப் போய், கப்பலில் உணவு பரிமாறிய ஓர் இளைஞரின் உடல் 2014 நவம்பரில், ஜெனோவாவில் கப்பலை உடைக்கும்போதுதான் கிடைத்தது. கேப்டனுக்கு 2015இல் 16 ஆண்டு சிறைத் தண்டனை விதிக்கப்பட்டது.

சொகுசுக் கப்பல் தொழிலையும் புகழாமல் இருக்க முடியாது. பாடம் படிப்பதில் அதற்கு இணை கிடையாது. 2001க்கு முன்னால் பல கப்பல்களில் பயணிகள் பிரிட்ஜைப் பார்த்துவிட்டு வரலாம். நியூயார்க் தாக்குதலுக்குப் பிறகு, 2004 ஜூலையில் சர்வதேசக் கப்பல் பாதுகாப்பு விதிகள் வந்து கதவு பூட்டப்பட்டது. அந்தப் பூட்டு வேடிக்கை பார்க்க ஆசைப்பட்ட பயணியை ஏழரை வருடம் வெற்றிகரமாகத் தடுத்தது. கேப்டன் கையைப் பிடித்துக்கொண்டு உள்ளே வந்தவரை மட்டும் தடுக்கவில்லை. 32 பேர் போன பிறகு, 2012 ஏப்ரலில், கப்பலைத் திருப்பச் சிரமமான இடங்களிலும் கூடுதல் விழிப்பு தேவைப்படும் நேரங்களிலும் வேலை உள்ளவர்கள் மட்டுமே பிரிட்ஜில் இருக்க வேண்டும் என்று நிறுவனங்களின் சங்கம் விதி கொண்டுவந்தது. அதே கதவை நூறு டாலருக்கு மேல் கட்டணம் வாங்கிக்கொண்டு திறந்து, பிரிட்ஜைச் சமையலறை, சலவையறையோடு சேர்த்துச் சுற்றிக்காட்டும் நிறுவனங்களும் இன்று இருக்கின்றன.

டிக்கெட் வாங்கி, பையைச் சோதிக்கக் கொடுத்து, ஓரமாக நின்று பார்க்கும் பயணியின் ஆசையில் தப்பில்லை. சில கப்பல்களில் கண்ணாடிக்கு அந்தப் பக்கம் நின்றே பிரிட்ஜைப் பார்க்க இடம் கட்டியிருக்கிறார்கள். எல்லாக் கப்பலிலும் கட்டட்டும், இலவசமாகவே காட்டட்டும். ஆபத்து, சாவி வைத்திருப்பவரின் செல்வாக்கில் இருக்கிறது. கப்பலில் கடைசிச் சொல் கேப்டனுடையது. அவருடைய விருந்தாளியை யார் வெளியே போகச் சொல்வது? வேலையில்லாதவர்கள் வெளியே போங்கள், கேப்டன், போனை வையுங்கள் என்று வேலைக்குச் சேர்ந்து ஆறு மாதமான இளம் அதிகாரி சொல்ல முடிய வேண்டும். சொன்னதற்காக அவருடைய வேலைக்கு எந்தக் குந்தகமும் வரக்கூடாது. நிறுவனங்கள் அதை எழுத்தில் கொடுத்து, நடைமுறையிலும் காக்க வேண்டும். கீழே அறைகளில் தூங்கும் ஆயிரக்கணக்கானோர் தங்கள் உயிரை ஒப்படைத்திருப்பது அந்த அறையிடம்தான். விருந்தாளிகளை உபசரிக்கக் கப்பலில் சாப்பாட்டுக் கூடங்கள் இருக்கின்றன.