நிறுத்தத் தெரிந்தவர் கையில் சர்வர்

எங்கள் லேத் பட்டறையின் டிராயிங் எல்லாம் ஒரே சர்வரில்தான். சனிக்கிழமை மெயினை அணைத்துவிட்டுக் கிளம்புகிறோம். தப்பா?
(வாசகர், அம்பத்தூர் எஸ்டேட்)

தப்புதான். நீங்கள் 'சேவ்' கொடுத்தது அந்த நொடியே டிஸ்கில் ஏறிவிடாது. லினக்ஸ் அதை மெமரியில் வைத்திருந்து, வழக்கமாக அரை நிமிடத்துக்குள் எழுதும். அதற்குள் கரண்டைப் பிடுங்கினால், ஃபைல் சிஸ்டத்தின் கட்டமைப்பை அதன் மாற்றக் குறிப்பேடான ஜர்னல் காப்பாற்றிவிடும். உங்கள் கடைசி டிராயிங்குக்கு அது பொறுப்பேற்காது.

ஒரு சர்வீஸுக்கு 'ஸ்டாப்' கொடுத்தால் உள்ளே என்ன நடக்கிறது?
(மாணவி, ஆவடி)

'முடித்துக்கொண்டு கிளம்பு' என்று, லினக்ஸில் சர்வீஸ்களை நிர்வகிக்கும் சிஸ்டம்டி ஒரு சிக்னல் அனுப்பும். அதன் பெயர் சிக்டெர்ம். சர்வீஸ் கையிலிருப்பதை எழுதி, ஃபைல்களை மூடி, விடைபெறும். வழக்கமான அவகாசம் 90 விநாடி. அதற்குள் முடிக்காவிட்டால் உடனே கொல்லும் சிக்கில் சிக்னல் வரும். அதற்கு மேல் பேச்சுக்கு இடமில்லை. டேட்டாபேஸ் பெரிதென்றால் 'டைம்அவுட்ஸ்டாப்செக்' அளவை உயர்த்திவையுங்கள். அவசரப்பட்டு 'கில் மைனஸ் 9' அடிக்காதீர்கள், அதுவும் அதே சிக்கில்தான்.

எதை முதலில் நிறுத்துவது?
(கணக்காளர், பட்டாபிராம்)

கடை மூடுகிறவர் முதலில் வாடிக்கையாளரை அனுப்புவார், பிறகு கல்லாவை எண்ணுவார், கடைசியில்தான் ஷட்டரை இறக்குவார். இங்கும் அப்படியே: முதலில் பில்லிங் மென்பொருள், அடுத்து டேட்டாபேஸ், பிறகு ஷேர் சர்வீஸ், கடைசியில் டிஸ்கை அன்மவுண்ட் செய்வது. தொடங்கும்போது இதைத் தலைகீழாகச் செய்யுங்கள். 'டிஸ்க் பிஸி' என்று வந்தால், யார் பிடித்துக்கொண்டிருக்கிறார்கள் என்று 'எல்எஸ்ஓஎஃப்' காட்டிக்கொடுக்கும்.

கரண்ட் வந்ததும் சர்வர் தானாக எழுந்தது. பழைய ஃபைல் ஒன்றையும் காணோம்!
(வாசகர், பூந்தமல்லி)

பதறாதீர்கள், எதையும் அழிக்காதீர்கள். பெரும்பாலும் டிஸ்க் மவுண்ட் ஆகியிருக்காது. அதற்கு முன்பே சர்வீஸ் எழுந்து, காலி ஃபோல்டரைத் திறந்து வைத்திருக்கும். 'ஃபைண்ட்மவுண்ட்' கொடுத்துப் பாருங்கள். பட்டியலில் அந்த டிஸ்க் இல்லையென்றால் சர்வீஸை நிறுத்துங்கள். இதற்கிடையில் அங்கே விழுந்த புது ஃபைல்களை வேறிடத்துக்கு மாற்றுங்கள். மாற்றாமல் மவுண்ட் செய்தால் அவை அடியில் மறைந்துவிடும். பிறகு டிஸ்கை மவுண்ட் செய்து சர்வீஸைத் தொடங்குங்கள். இன்னொரு முறை இப்படி நேராதிருக்க, அந்த சர்வீஸின் யூனிட் ஃபைலில் 'ரிக்வயர்ஸ்மவுண்ட்ஸ்ஃபார்' என்று எழுதி அந்த ஃபோல்டரின் பாதையைக் கொடுங்கள். டிஸ்க் வராமல் சர்வீஸ் எழாது.

ஸ்டார்ட் கொடுத்தேன், ஓடியது. ரீபூட் செய்ததும் காணாமல் போனதே?
(வாசகர், திருமுல்லைவாயில்)

ஸ்டார்ட் இப்போதைக்கு மட்டும். இனேபிள் கொடுத்தால்தான் ஒவ்வொரு பூட்டிலும் எழும். இரண்டையும் கொடுங்கள்.

யுபிஎஸ் இருக்கும்போது எனக்கென்ன பயம்?
(தொழில்முனைவோர், பாடி)

2016 டிசம்பர் 12-ல் வர்தா புயல் அடித்தபோது சென்னையின் பல பகுதிகளில் நாள்கணக்கில் மின்சாரம் இல்லை. 2023 டிசம்பரில் மிக்ஜாம் புயல் வந்தபோது அம்பத்தூர் எஸ்டேட்டுக்குள்ளேயே வெள்ளம். அம்பத்தூரின் பெரிய டேட்டா சென்டர்களுக்கு ஜெனரேட்டர் இருக்கிறது. உங்கள் யுபிஎஸ் தருவதோ சில நிமிடங்கள்தான். அதை வேலையைத் தொடரச் செலவழிக்காதீர்கள். ஒழுங்காக நிறுத்தத்தான் அந்த நேரம். பேட்டரி இறங்கியதும் சர்வரைத் தானே நிறுத்த, 'நட்' என்ற இலவச மென்பொருள் உண்டு.

புதிதாக வேலைக்கு வந்த பையனுக்கு முதலில் எதைக் கற்றுத்தரலாம்?
(மேலாளர், அயப்பாக்கம்)

நிறுத்துவதை. வரிசையைக் கொட்டை எழுத்தில் எழுதி ரேக்கில் ஒட்டுங்கள். மின்வாரியம் பராமரிப்பு மின்தடையை முன்கூட்டியே அறிவிக்கிறதே, அன்று காலை பேக்கப் எடுத்துவிட்டு, அவரையே நிறுத்தச் சொல்லுங்கள். மின்சாரம் திரும்பியதும் அவரே தொடங்கட்டும். நீங்கள் பக்கத்தில் நில்லுங்கள், கீபோர்டைத் தொடாதீர்கள். ஆபத்தில்லாத நாளில் பழகிய கைதான் புயல் நாளில் பதறாது.